ஒரு குரோஸ் போலிச் சிப்பாய்கள்

கடலுக்குப் போன ஆம்பிளை பிழைத்திருக்கிறானா என்று தெரிந்துகொள்ள, தூத்துக்குடியில் தோணிக்காரர் வீட்டுப் பெண்கள் முன்பெல்லாம் தோணிச் சங்கத்து டெலிபோனைத்தான் நம்பியிருந்தார்கள். அது பாதி நாள் ஊமையாக இருக்கும், மீதி நாள் பொய் சொல்லும். அந்த வருஷம் மூன்று ராசாக்கள் திருநாளுக்குப் பிறகு ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. காலைப் பூசை முடிந்த கையோடு, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல், நேராகக் கஸ்பார் மோத்தாவின் வீட்டுக்குப் போய், அவருடைய கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் சிப்பாய்களில் தங்கள் புருஷன்மாரின் முகத்தைத் தேடினார்கள்.

சிப்பாய்கள் பாசிப்பச்சை நிறம், ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் குட்டை. அவர்கள் இந்த ஊருக்கு வந்தது ஐம்பது வருஷத்துக்கு முன்னால். அப்போதெல்லாம் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், இங்கிருந்து படகில் முருங்கைக்காயும் முட்டையும் வாழைத்தாரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சோப்போ சிகரெட்டோ வாங்கி வருவார்கள். அப்படிப் போன படகுகளில் ஒன்றில், மீசை அரும்பிய வயசில், கஸ்பார் இருந்தார். ஒரு கப்பலின் சமையல்காரன், சிவந்த காதுக்காரன், இரண்டு வாழைத்தாருக்குப் பதிலாக ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினான். உள்ளே ஒரு குரோஸ் சிப்பாய்கள், பன்னிரண்டு தினுசு, தினுசுக்குப் பன்னிரண்டு, ஆக நூற்று நாற்பத்து நாலு. சமையல்காரன் ஒரு சிப்பாயைத் தூக்கிக் காட்டி, தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "போல்ஸ்கா, போல்ஸ்கா" என்றான். தன் நாடு போலந்து என்று அவன் சொன்னது படகிலிருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? 'போலி, போலி' என்று ஒத்துக்கொள்கிறான் என்று நினைத்து, தன் சரக்கைத் தானே போலி என்று சொல்கிற ஒரே வியாபாரி இவன்தான் என்று மெச்சி, கூட ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவை போலிச் சிப்பாய்கள்.

கஸ்பார் அவற்றை வீடு வீடாகக் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டு மாதம் விளையாடினார்கள். அதற்குள் கிறிஸ்துமஸ் வந்தது. குடில் ஜோடிக்கிறபோது சூசையப்பரும் ஆடுமாடும் இருந்தும் ஏரோது ராஜாவுக்குக் காவல்காரர் இல்லையே என்று யாரோ ஒருத்தி இரண்டு போலிச் சிப்பாய்களை நிறுத்தி வைக்க, மறுவருஷம் ஊர் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. தலையில் இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி, சிலர் முதுகில் ஒயர்லெஸ் பெட்டி. ஏரோதுவிடம் ஒயர்லெஸ் இருந்ததா என்று எந்தச் சாமியாரும் கேட்கவில்லை. வருஷத்தில் பதினைந்து நாள் காவல் நிற்பதும், மீதி நாள் பரணில் வைக்கோலுக்குள் கிடப்பதுமாக அவர்கள் பிழைப்பு ஓடியது.

கஸ்பார் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெண்சாதியும் போய்ச் சேர்ந்த பிறகு, தான் கொடுத்ததையெல்லாம் திரும்பச் சேர்க்க ஆரம்பித்தார். கொடுத்த கை வாங்குகிறதே என்று ஊர் கேலி பேசியது. அவர் மருமகள் செலஸ்தீனா கம்ப்யூட்டரில் தேடி, இதே சிப்பாய்களுக்காக ஏங்கிச் சாகிற ஒரு கூட்டம் போலந்திலேயே இருக்கிறதென்று கண்டுபிடித்து, அதில் ஒருவருக்கு மாமனார் சொல்லச் சொல்ல எழுதினாள். அந்தப் போலந்துக்காரர் பதில் போட்டார்: உங்களிடம் இருப்பவை இங்கிலாந்துப் பொம்மைகளைப் பார்த்து எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அச்செடுத்த நகல்கள், செய்த பொம்மையிலிருந்து அச்செடுத்தால் வார்ப்பு சிறுத்துப்போகும், ஒரு நூல் குட்டையாகும், முகம் மழுங்கிவிடும், ஆனால் எங்களுக்கு அதுதான் அருமை. கஸ்பார் அந்தக் கடிதத்தை நாலு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஐம்பது வருஷமாகத் தப்பாகக் கேட்ட வார்த்தை சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து சட்டைப்பையில் ஓர் அளவுகோல், ஒரு பூதக்கண்ணாடி. பிறகு வந்த மலிவு வார்ப்புகளைத் தொட்டவுடனே, மோந்தவுடனே தள்ளிவிடுவார். "இது போலி இல்ல, போலியோட போலி" என்பார். அசல் போலிக்கு மெழுகுவர்த்தி வாசம் இருக்கும் என்பது அவர் கணக்கு.

நூற்று நாற்பத்து மூன்றாவது சிப்பாய் அந்த வருஷம் ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராசாக்கள் திருநாளன்று, கோமஸ் வீட்டுக் குடிலைக் கலைக்கும்போது கிடைத்தது. அதைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துத் துடைத்தபோதுதான், குண்டு எறிகிற தினுசில் ஒருவனுக்கு முகம் வந்திருப்பதைக் கஸ்பார் பார்த்தார். நேற்றுவரை கரைந்த சோப்பு மாதிரி இருந்த இடத்தில் வெட்டுப்பட்ட புருவமும், சப்பை மூக்கும், பக்கத்துத் தெரு சிப்ரியானின் தொங்கு மீசையும் இருந்தன. சிப்ரியான் அப்போது மாலைத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போயிருந்தான். கஸ்பார் பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, போய் அவன் பெண்சாதி மிக்கேலம்மாளைக் கூட்டி வந்தார். அவள் குனிந்து பார்த்தாள். "ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கீய?" என்று சிப்பாயைக் கேட்டாள். பிறகு தோணியில் யார் சமையல் என்று விசாரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஒரு வாரத்துக்குள் கடலில் இருந்த எல்லாருக்கும் முகம் வந்துவிட்டது. காலை ஏழரைக்கு வீட்டு வாசலில் செருப்பு குவியும். தாடி வளர்த்த புருஷன்மாருக்கு ஏச்சு விழுந்தது; மாலைத்தீவில் போய் மீசையை மழித்துக்கொண்ட ஒருத்தன், ஊருக்கு வருமுன்பே அந்தச் சேதி வீட்டை எட்டிவிட்டதால், கரையிறங்கியதும் திகைத்துப் போனான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் சுக்குக் காப்பி போட ஆரம்பித்தார். பங்குச்சாமியார் ஒருநாள் வந்து, தன் அக்காள் மகனின் முகத்தைப் பார்த்து, நல்லது என்றும் சொல்லாமல் கெட்டது என்றும் சொல்லாமல், பூசை நேரத்தில் மட்டும் அலமாரியைத் திறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தோணி தூத்துக்குடிக் கரைக்கு வந்து ஆள் இறங்கியதும் அவன் முகம் சிப்பாயிலிருந்து மழுங்கிவிடும். இதெல்லாம் ஏன் நடக்கிறதென்று யாரும் தலையை உடைத்துக்கொள்ளவில்லை. பச்சைப்பிள்ளைகளைக் கொன்ற ஏரோதுவுக்கு இத்தனை வருஷம் காவல் நின்ற பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறார்கள் என்று மிக்கேலம்மாள் சொன்னதே போதுமானதாக இருந்தது.

இன்னொரு விதியும் மாசி மாதத்தில் தெரிந்துபோயிற்று. பெர்க்மான்ஸ் என்ற மாலுமியின் முகம் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, அவன் பெண்சாதி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, தண்ணீர் பட்ட எழுத்துப்போல அழிந்தது. தோணி மாலைத்தீவில்தான் நின்றது. அவள் வீட்டுக்குப் போய் வளையலைக் கழற்றி வைத்தாள். நெஞ்சுவலியில் போய்விட்டான் என்று சங்கத்து டெலிபோன் சொன்னபோது மணி பன்னிரண்டு. இருந்தால் முகம் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. ஊர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது.

இத்தனை பேர் வந்து போகிற வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளையின் முகம் மட்டும் இல்லை. கஸ்பாரின் ஒரே மகன் லியோன், செலஸ்தீனாவின் புருஷன், முந்தின மார்கழியில் சலேத் மாதா என்ற தோணியில் போனவன். மினிக்காய்க்குத் தெற்கே காற்றில் தோணி பிளந்து, பலகையைப் பிடித்து மிதந்த எட்டுப் பேரை ஒரு கப்பல் தூக்கிக் கொச்சியில் விட்டது. ஒன்பதாவது ஆள் லியோன். அலை அடித்துக்கொண்டு போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை, செத்ததையும் ஒருத்தரும் பார்க்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்று முகத்தையும் கஸ்பார் தினம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், எதிலும் மகன் இல்லை. ஆனால் ஒயர்லெஸ் பெட்டியோடு மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் தினுசில் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவது எங்கோ ஒரு பரணில் கிடக்கிறது. அது கிடைக்கிறவரை லியோன் செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை.

பங்குச்சாமியாரும் சங்கத்தாரும் அதற்காகவே காத்திருந்தார்கள். அந்தச் சிப்பாய் முகமில்லாமல் கிடைத்தால் துக்கமணி அடித்துப் பூசை வைத்துவிடலாம். மணப்பாட்டிலிருந்து செலஸ்தீனாவின் அண்ணன் இரண்டு முறை வந்து, தங்கச்சிக்கு இருபத்தேழு வயசுதான் ஆகிறது, இப்படியே எத்தனை நாள் வைத்திருப்பது என்று மரியாதையாகத்தான் கேட்டான். செலஸ்தீனா ஒரு பல் டாக்டரிடம் பொய்ப்பல் செய்கிறவள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, அந்த ஒன்று கிடைக்கட்டும் அண்ணே என்று மட்டும் சொன்னாள். அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று கஸ்பார் நினைத்தார். அதனால் அவரால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, கால் தரையில் பாவவில்லை.

தேடிப் போனார். பொண்ணு கட்டிக் கொடுத்த வழியில், வீடு மாறிப்போன வழியில், சிப்பாய் எங்கெங்கே போயிருக்குமோ அங்கெல்லாம் பஸ்ஸில் போனார். வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை. கண்ட வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் குடில் பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்பார். தவக்காலத்தில் குடில் பெட்டியைக் கேட்கிற பைத்தியம் யார் என்று பார்த்தவர்களும், விஷயம் தெரிந்ததும் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கும் முந்தின செவ்வாய்க்கிழமை, பழையகாயலில் ஒரு சின்ன மாதா கெபியின் பின்னறையில், கால் ஒடிந்த ஆடுகளுக்கும், சிறகு இருந்து கை ஒன்று போன சம்மனசுக்கும் நடுவில், அது கிடைத்தது. மண்டியிட்ட கால், முதுகில் ஒயர்லெஸ் பெட்டி. மோந்து பார்த்தார், மெழுகுவர்த்தி வாசம். அளந்து பார்த்தார், அளவு சரி. பூதக்கண்ணாடியை எடுக்கக் கை வரவில்லை. எடுத்தார். முகம் இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடுகூட இல்லை, வழித்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே கெபியைக் கவனித்துக்கொள்கிற கெபிப்பிள்ளை, கிடைத்ததா பாட்டா என்று கேட்டார். கஸ்பார் அறுபத்தாறு வருஷத்தில் சொல்லாத சுத்தப் பொய்யை அங்கே வைத்துச் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது செலஸ்தீனா அவர் கையைத்தான் பார்த்தாள். "இல்லம்மா, அங்கயும் இல்ல" என்றார். அவள் சோறு எடுத்து வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். சொன்னால் நாளைக்கே மணி அடிப்பார்கள், இவள் வளையலைக் கழற்றி வைப்பாள், அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் கேட்கத் தன்னால் முடியாது என்று வாயை மூடிக்கொண்டார். சொல்லாமல் இருந்தால் ஒரு சின்னப் பெண்ணைக் கட்டிப்போட்டது போலாகும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. இரண்டும் தெரிந்துதான், வெறுமுகச் சிப்பாயைச் சட்டைப்பையில் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, மறுநாளும் தேடக் கிளம்பினார்.

கிடைத்துவிட்ட ஒன்றைத் தேடுவது, கிடைக்காததைத் தேடுவதைவிடப் பெரிய அலைச்சல். எங்கே போனாலும் கிடைத்துவிடுமோ என்ற ஆசைகூடத் துணைக்கு இல்லை. வைகாசியிலிருந்து காற்று மாறி, தோணிகள் எல்லாம் ஒதுங்கி, ஆம்பிளைகள் வீடு வந்து சேர்ந்து, நூற்று நாற்பத்து மூன்று முகமும் மழுங்கிப்போய், அலமாரியைப் பார்க்க ஒருத்தியும் வராத நாட்களிலும் அவர் பஸ் ஏறினார். உவரி, கூட்டப்பனை, இடிந்தகரை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து தடம் விழுந்தது. செலஸ்தீனா வெந்நீரில் உப்புப் போட்டு அவர் காலை அதில் வைக்கச் சொல்வாள். போதும் மாமா என்று ஒருநாளும் சொல்லவில்லை. நாளைக்கு எந்த ஊர் என்று கேட்பாள், சோறு கட்டித் தருவாள். நம்பிக்கையை விடமாட்டேன் என்கிறாளே என்று அவர் மேலும் அலைந்தார்.

புரட்டாசியில் தோணிகள் மறுபடி ஓடின, முகங்கள் வந்தன, செருப்புகள் குவிந்தன. நவம்பரில் வருகிற கல்லறைத் திருநாளோடு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று பங்குச்சாமியார் சொல்லி அனுப்பினார். சிப்பாய் கிடைக்காவிட்டாலும் வருஷம் ஒன்றாகப் போகிறது, ஒரு பூசை வைப்பதில் தப்பில்லை. கஸ்பார் போய் பஸ் பாஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பெண்கள் அலமாரி முன்னால் நின்ற நேரத்தில், செலஸ்தீனா கைக்குட்டையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மாமனாரின் கையில் வைத்தாள். டாக்டரிடம் பல் கட்ட வந்த பெரியவர் ஒருத்தர் கொடுத்ததாகச் சொன்னாள். மண்டியிட்ட கால், முதுகில் ஒயர்லெஸ் பெட்டி. முகம் இருந்தது, அது லியோன் முகம். மிக்கேலம்மாள் எட்டிப் பார்த்து, மாதாவே என்று உட்கார்ந்துவிட்டாள். லியோனின் அகல நெற்றி, ஒட்டின காது, சின்ன வயசில் கிணற்றுச் சுவரில் மோதி முனை உடைந்த முன்பல் உட்பட எல்லாம் இருந்தது. லியோன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மற்ற நூற்று நாற்பத்து மூன்றில் ஒரு முகம்கூட இதுவரை சிரித்ததில்லை. கடலில் இருக்கிறவன் எதற்குச் சிரிக்கிறான்.

கஸ்பாருக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. கையில் வாங்கும்போதே எடை வேறு. மூக்கருகே கொண்டுபோனார், மெழுகுவர்த்தி வாசம் இல்லை, கிராம்புத் தைலமும் பல் டாக்டர் கடை மருந்தும் கலந்த வாசம், தினம் சாயங்காலம் மருமகளின் சேலையோடு வீட்டுக்குள் வருகிற வாசம். பக்கத்தில் நின்ற பதினொன்றோடு சேர்த்து நிறுத்தினார். ஒரு நூல் குட்டை. அலமாரியிலிருந்த ஒன்றை எடுத்துப்போய்ப் பல்லுக்கு அச்செடுக்கிற மாவில் அச்செடுத்து, பொய்ப்பல் செய்கிற பசையில் வார்த்து, பச்சை பூசி, சூடு காட்டின ஊசியால் முகத்தைக் கீறியிருக்கிறாள். பல்லை மட்டும் அவள் எவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பாள் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

வீடு முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த ஊரில் அசல் எது போலி எது என்று சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.

"அசல்" என்றார் கஸ்பார்.

பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், செலஸ்தீனாவைக் கட்டிக்கொண்டார்கள், சுக்குக் காப்பிக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் இனாமாகக் காப்பி ஊற்றினார். எல்லாரும் போன பிறகு அவள் அலமாரிக் கதவைச் சாத்தினாள், திரும்பவில்லை, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"இனிமே நீங்க அலைய வேண்டாம்லா மாமா."

கஸ்பாருக்கு அப்போதுதான் விளங்கியது. இவள் நம்பவே இல்லை. என்றைக்கோ மனசுக்குள் மணி அடித்து முடித்துவிட்டு, கிழவன் நம்புகிறான் என்று அவருக்காகக் காத்திருப்பது போல இருந்து, அவருக்காகச் சோறு கட்டி, அவர் வீங்கின காலைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் இதைச் செய்திருக்கிறாள். இவள் நம்புகிறாள் என்று அவர் அலைந்தார், அவர் நம்புகிறார் என்று இவள் அலைய விட்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக்கூட்டை எடுத்துத் திறந்து, வெறுமுகச் சிப்பாயை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்போ கிடைச்சுது?"

"பெரிய வாரத்துக்கு முன்னாடி."

"ஏழு மாசமா மாமா?"

"ஆமாம்மா."

அவள் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், புருஷன் போன பத்து மாதத்தில் ஒருநாளும் அழாத அழுகையை அழுதாள். அவரும் பக்கத்தில் வீங்கின காலை நீட்டி உட்கார்ந்து, என் பிள்ளை போயிட்டானே என்று வாய்விட்டுச் சொல்லி அழுதார். வெளியே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

கல்லறைத் திருநாளன்று செலஸ்தீனாவே போய்ப் பங்குச்சாமியாரிடம் லியோனுக்குப் பூசை கேட்டாள். முகம் இருக்கிறவனுக்கு எதற்குப் பூசை என்று ஊர் கொஞ்சம் குழம்பியது. முகம் அதுபாட்டுக்கு இருக்கட்டும், பூசையும் இருக்கட்டும் என்றாள். சரிதான், இரண்டும் இருந்தால் என்ன என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. மணி அடித்தது, கல்லறை இல்லாதவனுக்குக் கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கஸ்பார் அந்த வாரமே பஸ் பாஸைக் கிழித்துப்போட்டார். தை பிறந்ததும் அண்ணன் வந்து கூப்பிட்டபோது செலஸ்தீனா மணப்பாட்டுக்குப் போனாள். அவரே பஸ் நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டார், வெறுமுகச் சிப்பாயை அவளிடமே கொடுத்தனுப்பினார்.

லியோன் முகத்துச் சிப்பாய் அலமாரியில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வந்தால் கஸ்பார் அதைக் குடிலில் ஏரோதுவின் பக்கம் வைக்காமல், இடையர்களுக்கு நடுவில், மாட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். சிப்ரியான் எத்தனையோ முறை போய் வந்துவிட்டான், எத்தனையோ பேர் முகம் வந்து மழுங்கி, மறுபடி வந்து மழுங்கியிருக்கிறது. பல் உடைந்த அந்தச் சிரிப்பு மட்டும் இன்றுவரை மழுங்கவில்லை. பார்க்க வருகிற பெண்கள் ஆச்சரியப்பட்டு, இது மட்டும் எப்படி என்று கேட்டால், அசல் அப்படித்தான் இருக்கும் என்கிறார் கஸ்பார்.